எத்தனை வருஷம் ஓட வேண்டும்

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
உள்ளே, விசிறியின் கழுத்தைச் சுற்றி
பழுப்பு மயிர்ச் சுருள்.
"பாராவுடையது" என்றார் போஹுமில், குனிந்து பார்த்து.
நாய் செத்து ஆறு வருஷம் ஆகிறது.
குளிர்காலம் முழுக்க இந்தப் பெட்டியில்தான்
முதுகைச் சாய்த்துக் கிடக்கும்.
"நல்ல சூடு வரும், அதற்குத்தான்" என்றார்.
அவ்வளவுதான். குப்பைக்கூடையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் அவருடைய முன்னாள் மருமகள்.
மகனுக்கும் எனக்கும் தீர்ந்து ஒன்பது வருஷம்.
கணினி மட்டும் என் பொறுப்பிலேயே தங்கிவிட்டது.
விவாகரத்துப் பத்திரத்தில் அதை எழுத
இரண்டு வக்கீல்களுமே மறந்திருக்கிறார்கள்.
கடவுச்சொல் எங்கள் கல்யாணத் தேதி.
மாற்றலாமே என்றால்
"தேதி என்ன தப்பு செய்தது?" என்கிறார்.

வங்கியிலிருந்து கடிதம்:
ஜனவரி முதல்
இவ்வளவு பழைய இயங்குதளத்தில் எங்கள் பக்கம் திறக்காது.
வயதானவர்களுக்கென்று பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள்.
அவர் அதை நாலாக மடித்து
ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்திருந்தார்.

ஓஸ்த்ராவாவில், டிராம் பணிமனைக்கு எதிரே ஒரு கடை.
காதில் வளையம் போட்ட பையன் என் காகிதத்தைப் படித்தான்.
மெமரி கூட்டலாம், டிஸ்க் மாற்றலாம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கொருனா.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
அவன் முகம் சொன்னது அதைத்தான்.
புதுசென்றால் பன்னிரண்டாயிரம்.
பிறகு கேட்டான், பேனாவைத் தட்டிக்கொண்டே:
"எத்தனை வருஷம் ஓட வேண்டும்?"

எண்பத்து மூன்று.
இதயத்தில் இரண்டு ஸ்டென்ட்.
உருக்காலைப் புகை தின்ற நுரையீரல்.
அண்ணன்காரர் எண்பத்தைந்தில் போனார்.

கழித்தே பார்த்துவிட்டேன்.
வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு
விடை தெரிந்துவிட்டதுபோல் காது சுட்டது.
"பத்து" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாய்.
"அப்படியானால் புதுசு" என்றான்.

என்னிடம் பன்னிரண்டாயிரம் இல்லை.
ப்ர்னோவில் இருக்கும் வோய்தெக்குக்குச் செய்தி அனுப்பினேன்.
மூன்று டிராம் கடந்த பிறகு பதில் வந்தது:
அப்பாவுக்கு எதற்கு அவ்வளவு?

அப்பாவுக்கு எதற்கு?
மின்கட்டணம். ஹாக்கி முடிவுகள்.
மற்ற நேரமெல்லாம்
ஹாம்பர்க் துறைமுகத்தின் நேரலைக் கேமரா.
முப்பத்தொரு வருஷம் உருக்காலையில் கிரேன் ஓட்டியவர்
முழங்கையை ஊன்றிக்கொண்டு
அங்குள்ளவனை மேற்பார்வை பார்க்கிறார்.
கொள்கலன் பாதி வானத்தில் நின்றுவிடும்.
துள்ளும். மறுபடி நிற்கும்.
"பார், கை நடுங்குகிறது. குடிகாரன்.
இவனை யார் மேலே ஏற்றினார்கள்?"
வருஷக்கணக்காய்
முகம் தெரியாத அந்த ஜெர்மானியனுக்குத் திட்டு.
நடுங்குவது இந்தப் பெட்டிதான் என்று
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
"கிரேனைப் பற்றி, எனக்கா?" என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன்.
காசு கேட்காத இயங்குதளம் ஒன்றை ஏற்றினேன்.
மாலை நான்கரை; ஜன்னலுக்கு வெளியே அதற்குள் இருட்டு.
கடவுச்சொல் கேட்டது.
அவர் அதே தேதியைச் சொன்னார். அடித்தேன்.
"பலவீனமானது" என்றது திரை.
இருந்தும் ஏற்றுக்கொண்டது.

கேமராவைத் திறந்தார்.
நீலக் கொள்கலன் ஒன்று எழுந்து,
கம்பி அதிராமல் நகர்ந்து,
மேஜையில் கோப்பை வைப்பதுபோல்
கப்பலில் உட்கார்ந்தது.
இன்னொன்று.
இன்னொன்று.
போஹுமில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.
நெடுநேரம் வாய் திறக்கவில்லை.
அப்புறம், என் பக்கம் திரும்பாமலே,
"ஒருவழியாக ஆளை மாற்றிவிட்டார்கள்" என்றார்.
"இவன் தேறுவான்."